அசையாத ஆயில் போல்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதும் காரணம்

விக்கிரமசிங்கபுரத்தில் மில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மில்லில் ஒரு மெஷின் நின்றால் அதை ஓட வைப்பதோடு வேலை முடியாது. பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் எழுதியாக வேண்டும். எத்தனை மணிக்கு நின்றது, யார் முதலில் கை வைத்தது, என்னென்ன செய்தோம், அடுத்த தடவை எதை மாற்றிச் செய்வோம் என்று நாலு கட்டம் இருக்கும். நாலாவது கட்டத்தை யாருமே ஒழுங்காக நிரப்ப மாட்டார்கள். வேலையை விட்டு வந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

கீழே இருப்பது ஒரு 100 சிசி பைக்கின் ஆயில் போல்ட், அதாவது பழைய ஆயிலை வடிக்க எஞ்சின் அடியில் கழற்றும் போல்ட், கழலாமல் நின்ற கதை. பெயர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வண்டிக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். "என் மடத்தனத்த ஒண்ணு விடாம எழுதிட்டீயளே மாமா" என்றார். என் மடத்தனமும் இதில் இருக்கிறது. அது கொஞ்சம் பின்னால் வரும்.

பின்னணி

வண்டிக்காரருக்கு நாற்பது வயது ஆகவில்லை. வீடு பாளையங்கோட்டைப் பக்கம், எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி. வேலை சேரன்மகாதேவியில். தினமும் போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியில்தான். சொந்தம் கிடையாது, முறை சொல்லிக் கூப்பிட்டுப் பழகியதுதான்: அவருக்கு நான் மாமா, அவர் அப்பா எனக்கு அத்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது அவர்கள் சிந்துபூந்துறையில் வாடகைக்கு இருந்தார்கள். ஆள்கள் மாடிக்கு ஏறிவிட்டார்கள், வண்டியை ஏற்ற முடியவில்லை. இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வெள்ளம் வடிந்த பிறகு ஊரில் உள்ள எல்லா மெக்கானிக் கடை வாசலிலும் சேறு பூசிய வண்டிகள் வரிசையாக நின்றதை அப்போது இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வண்டியும் அந்த வரிசையில் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து ஆயில் மோர் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. ஒரே வாரத்தில் மூன்று தடவை ஆயிலை வடித்து, ஊற்றி, மறுபடி வடித்தார்கள். அப்படிச் செய்தது சரிதான். வேறு வழியில்லை. 2024 பிப்ரவரியில் வேறொரு கடையில் இன்னொரு தடவை ஆயில் மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு மாற்றவே இல்லை. கையேட்டில் 6000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. புரட்டாசி பிறந்தபோது அதே ஆயிலில் வண்டி 8000 தாண்டி ஓடியிருந்தது. "இனி கடையில குடுக்காண்டாம், நானே மாத்திப் பாக்கேன்" என்று முடிவெடுத்தார். செல்போனில் யாரோ பத்து நிமிஷத்தில் செய்து காட்டுவதைப் பார்த்திருக்கிறார். ஒரு லிட்டர் ஆயிலும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் வாங்கி வைத்தார். புது போல்ட், புது வாஷர் வாங்கவில்லை. அந்த ஞாபகமே வரவில்லை என்றார்.

ஞாயிறு காலை, நான் போவதற்கு முன்

இந்தப் பகுதியை அவர் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். நான் நேரில் பார்க்கவில்லை.

காலை ஏழரைக்குத் தொடங்கியிருக்கிறார். சென்டர் ஸ்டாண்டு போட்டு, வண்டிக்கு இடது பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, எஞ்சினுக்கு மேலாகக் குனிந்து அடியில் கையை விட்டு ஸ்பேனரை மாட்டினார். போல்டைக் கழற்ற இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரும் இடப்பக்கம்தான் திருப்பினார். ஆனால் அந்த போல்டின் தலை தரையைப் பார்த்து இருக்கிறது. கீழே படுத்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு எது இடமோ, மேலே இருந்து எட்டிப் பார்ப்பவனுக்கு அது வலம். ஆக, முதல் கால் மணி நேரம் போல்டை அவர் இறுக்கிக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்லி யாரும் சிரிக்க வேண்டாம். சீலிங்கில் தொங்கும் மோட்டாரில் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதுவும் எனக்குக் கீழே இரண்டு பயிற்சிப் பையன்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது.

ஸ்பேனர் அத்தானுடையது. ஊரில் நிலம் இருந்த காலத்தில் பம்ப்செட்டுக்கு வாங்கியது, கனத்த இரும்பு. ஸ்பேனரில் எண் தேய்ந்து போயிருந்ததால் போல்டில் வைத்துப் பார்த்து, உட்கார்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். பிறகு நான் வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். அது அங்குலக் கணக்கு ஸ்பேனர், 11/16. மில்லிமீட்டரில் 17.46. போல்டின் தலை 17. அரை மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் லேசான ஆட்டமாகத்தான் தெரியும். ஆனால் பலம் கொடுக்கும்போது ஸ்பேனர் போல்டின் பக்கத்தைப் பிடிக்காமல் முனையை மட்டும் பிடிக்கும், முனை மழுங்கும்.

திசை தப்பு என்று எட்டு மணிவாக்கில் புரிந்து, சரியான பக்கம் திருப்பத் தொடங்கினார். அசையவில்லை. ஸ்பேனருக்குப் பின்னால் இரண்டடி ஜிஐ பைப்பைச் செருகித் தள்ளினார். ஸ்பேனர் வழுக்கி, கை சைலன்சர் மூலையில் போய் இடித்து, தோல் உரிந்தது. இரண்டாம் தடவையும் வழுக்கியது. அப்போதுதான் என்னை போனில் கூப்பிட்டார். "மாமா, ஒரு எட்டு வந்துட்டுப் போறீயளா? ஆயில் போல்ட் அசைய மாட்டேங்கு."

நான் பார்த்தது

ஒன்பது மணிக்குப் போனேன். போனதும் ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொன்னேன். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து, படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் பார்த்திருப்பேன். அத்தானுக்குப் பொறுமை இல்லை. "என்ன மாப்ள, ஜாதகம் பாக்கியா?" என்றார்.

போல்ட் தலையின் ஆறு முனைகளில் இரண்டு முழுதாக உருண்டிருந்தன. மற்ற நான்கும் கீழ்ப்பாதியில், அதாவது தரையைப் பார்த்த பாதியில், மழுங்கியிருந்தன. வாஷரை ஒட்டிய பாதியில் நான்குமே நன்றாக இருந்தன. அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் எங்களிடம் இருந்த மூலதனம்.

தலையின் ஒரு பக்கத்தில் பழைய உளி வெட்டு ஒன்று இருந்தது. வெட்டுக்குள் அழுக்கு படிந்து கறுத்திருந்தது, ஆகவே அது இன்றைய வேலை அல்ல. இதற்கு முன்பும் இந்த போல்ட் யாரிடமோ அடம் பிடித்திருக்கிறது.

வாஷரைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்து இப்படிப் பூக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இது அதிசயமில்லை.

நாலாவதாகப் பார்த்ததுதான் முக்கியம். அதை நான் பார்த்தேன், ஆனால் அதற்குரிய மரியாதையைக் கொடுக்கவில்லை. வாஷரின் ஓரத்தில் கறுப்பாக, காய்ந்த கோந்து மாதிரி ஒரு வளையம் பிதுங்கி நின்றது. நகத்தால் சுரண்டினால் ரப்பர் போல வந்தது. கேஸ்கெட் பேஸ்ட், ஒழுகலை அடைக்கப் பூசும் பசை. ஆயில் போல்டில் பேஸ்ட் போட எந்தக் காரணமும் கிடையாது. அங்கே ஒழுகலை அடைப்பது வாஷர்தான். பேஸ்ட் இருக்கிறது என்றால் யாரோ ஒருவருக்கு அங்கே ஒழுகல் இருந்திருக்கிறது. வாஷர் மாற்றியும் நிற்காத ஒழுகல் என்றால், போல்டை இறுக்க முடியவில்லை என்று அர்த்தம். இறுக்க முடியவில்லை என்றால் உள்ளே மரை, அதாவது போல்ட் திருகி ஏறும் பள்ளம், ஏற்கனவே போயிருக்கிறது.

இந்தக் கணக்கை இப்போது எழுதுகிற வரிசையில் அன்றைக்கு நான் போடவில்லை. "முந்தி யாரோ பேஸ்ட் போட்டிருக்கான்" என்று சத்தமாகச் சொன்னேன். அதோடு சரி.

முதல் முடிவு: நிறுத்துவது

போல்ட் கழலவில்லை என்பது அவசர நிலை இல்லை. ஆயில் பழசானாலும் உள்ளேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிய எங்கும் ஒழுகவில்லை. வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு மறுநாள் காலை வேலைக்கு ஓட்டிப் போகலாம். ஆயில் ஊற்றும் துளை வழியாக மெல்லிய டியூபை விட்டு, பெரிய ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றும் வழியும் இருக்கிறது. அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு அது போதும். இவை இரண்டையும் அவரிடம் சொன்னேன்.

அவர் உறிஞ்சும் யோசனைக்குப் பாதி மனதாகத் தலையாட்டினார். நான்தான், "கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாப்போம், வரலன்னா விட்டுருவோம்" என்றேன். முப்பது வருஷம் மில்லில் பிட்டராக இருந்தவனை ஒரு 12 மில்லிமீட்டர் போல்ட் திருப்பி அனுப்பினால் தெருவில் முகத்தைக் காட்ட முடியுமா என்ற நினைப்பு எனக்கு இருந்தது. ரிஜிஸ்டரில் இப்படி எழுதும் வழக்கம் கிடையாது. இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் முடிவு: எப்படிக் கழற்றுவது

அத்தான் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். வண்டிக்காரர் துரு எடுக்கும் ஸ்பிரே வாங்கி வரவா என்றார். இரண்டும் வேண்டாம் என்றேன். திறந்த வெளியில் துருப்பிடித்த நட்டுக்கு அவை வேலை செய்யும், ஏனென்றால் மரைக்குள் கசிந்து போக வழி இருக்கும். ஆயில் போல்டில் மரை முழுக்க வாஷருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உள்ளிருக்கும் ஆயிலே வெளியே வராதபடி வாஷர் அடைத்திருக்கும்போது வெளியே அடிக்கும் ஸ்பிரே எப்படி உள்ளே போகும்? தவிர, மரையின் உள்பக்கம் எப்போதும் ஆயிலில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. இங்கே போல்டைப் பிடித்து வைத்திருப்பது வாஷர் உட்கார்ந்த முகமும் அந்தப் பேஸ்ட்டும்தான்.

எஞ்சினைக் காஸ் டார்ச்சால் சூடாக்கும் பேச்சும் வந்தது. மேலே பெட்ரோல் டேங்க் இருக்கும்போது அடியில் தீ வைக்கிற வேலையை நான் செய்ய மாட்டேன். அதற்குப் பதில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டோம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சினின் வெளிக்கூடான கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. ஐம்பது டிகிரி ஏறினால் 12 மில்லிமீட்டர் துளை போல்டைவிட ஆறேழு மைக்ரான் அதிகமாக விரியும். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு. கொஞ்சம்தான் என்றாலும் அது நமக்குச் சாதகமான பக்கத்தில் இருக்கிறது. பேஸ்ட்டும் கொஞ்சம் இளகலாம். ஆயில் சுடுவதால் கைக்கு உறையும் நீளச் சட்டையும் போட்டுக்கொண்டோம்.

அடுத்து சாக்கெட், போல்ட் தலையைக் குல்லா போல மூடிப் பிடிக்கும் கருவி. கடையில் வாங்கும் சாக்கெட்டுகளின் வாயில் போல்ட் எளிதாக ஏறுவதற்காக உட்பக்கம் லேசாகச் சரித்துக் கடைந்திருப்பார்கள். அந்தச் சரிவு இருக்கும் இடத்தில் சாக்கெட் போல்டைப் பிடிக்காது. தலை உயரமான போல்டில் அது பொருட்டே அல்ல. இங்கே நன்றாக இருந்த பகுதியோ வாஷரை ஒட்டிய இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், சரிவு இருக்கும் இடமும் அதேதான். என்னிடம் மில் காலத்து 17 நம்பர் ஆறுமூலை சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதன் வாயை கிரைண்டரில் பிடித்துச் சரிவு முழுக்கப் போகும்வரை சப்பையாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் அதை எடுத்து வந்தேன். பன்னிரண்டு மூலை சாக்கெட், ரிங் ஸ்பேனர் எதையும் இந்த நிலையில் உள்ள தலையில் மாட்டக் கூடாது. மிச்சமிருக்கும் நாலு முனையையும் அது சாப்பிட்டுவிடும்.

சாக்கெட்டை மரச் சுத்தியலால் தட்டி ஏற்றினேன். தட்டினேன் என்றால் தட்டினேன், அடிக்கவில்லை. அலுமினியக் கேஸ் அந்த இடத்தில் அத்தனை கனம் கிடையாது, கீழிருந்து ஓங்கி அடித்தால் விரிசல் விடும். தட்டியதில் வாஷரின் பிடியும் கொஞ்சம் இளகியிருக்கும்.

பைப் போடவில்லை. ஓரடி கைப்பிடியில் ஒரு கையால் சாக்கெட்டை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெடுக்கென்று இழுத்தேன். ஒரே சீராக அழுத்திக்கொண்டே போவதைவிட இப்படி வெட்டி இழுப்பதில் போல்ட் சீக்கிரம் விடும், முனையும் வழுக்காது. மூன்றாவது இழுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம். கால் சுற்று வந்தது.

மணி 10.20. வண்டிக்காரர் கை தட்டினார்.

கழன்ற பிறகு

அடுத்த அரைச் சுற்று கனமாக வந்தது. அதற்கடுத்தது வெண்ணெய் மாதிரி வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்ல மரை அப்படித் திடீரென்று லேசாகாது.

போல்ட் கையோடு வந்தபோது அதன் மரைப் பள்ளங்களில் வெள்ளிக் கம்பி சுற்றியது போல அலுமினியம் சுற்றியிருந்தது. கேஸின் மரையில் பாதிக்கு மேல் போல்டோடு வெளியே வந்துவிட்டது. மீதியில் பேஸ்ட் அப்பியிருந்தது. பிப்ரவரியிலோ அதற்கு முன்போ யாரோ அளவுக்கு மேல் இறுக்கி மரையை நைத்திருக்கிறார்கள். அதற்கடுத்து வந்தவர் பேஸ்ட்டைப் பூசி, மிச்ச மரையில் போல்டை ஏற்றி, ஒழுகாமல் நின்றதும் அனுப்பியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். காலையில் தப்பான பக்கம் கால் மணி நேரம் முறுக்கியது மிச்சத்தையும் நைத்திருக்கும்.

இந்த அளவு போல்டுக்குப் பல கையேடுகளில் போட்டிருக்கும் முறுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்வரைதான். ஒரு சாண் நீள ஸ்பேனரின் நுனியில் பன்னிரண்டு பதின்மூன்று கிலோ தொங்கினால் எவ்வளவோ, அவ்வளவு. இரண்டடி பைப்பில் ஒருவர் நாற்பது கிலோ பலம் கொடுத்தால் அது 235 நியூட்டன் மீட்டர் வரும். எட்டு மடங்கு. இரும்பு போல்ட் அதைத் தாங்கினாலும் அலுமினிய மரை தாங்காது.

வாளியில் விழுந்த ஆயிலை அளந்தோம். 600 மில்லியைச் சுற்றி இருந்தது. 900 இருக்க வேண்டும். அளவுக் குச்சியை யாரும் எட்டு மாதமாக எடுத்துப் பார்க்கவில்லை. போல்ட் பிரச்சினையைவிட இதுதான் எஞ்சினுக்கு ஆபத்து, ஆனால் அன்றைக்கு யாருக்கும் அதைப் பேச நேரமில்லை.

ஏனென்றால் நிலைமை இதுதான்: ஞாயிற்றுக்கிழமை, லேத் பட்டறை எதுவும் திறந்திருக்காது. வண்டியில் ஆயில் இல்லை. அடைக்க வழியும் இல்லை. காலையில் போல்ட் மட்டும்தான் அசையாமல் இருந்தது. இப்போது வண்டியே அசையாது. அதைச் செய்தது நான்.

மூன்றாம் முடிவு: மரைக்கு என்ன செய்வது

ஐந்து வழி பேசினோம். பேஸ்ட் பூசி, ஒட்டு நாடா சுற்றி அதே போல்டை ஏற்றுவது முதலாவது. சேரன்மகாதேவி ரோட்டில் போல்ட் விழுந்தால் முதலில் ஆயில் போகும், அதோடு பின் டயர் அந்த ஆயிலில் வழுக்கும். அதனால் அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். எம்-சீல் வைத்து அடைப்பது அதன் தம்பி. தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய சைஸ் போல்ட் கடைகளில் கிடைக்கும், ஆனால் அது நேராக ஏறாவிட்டால் கேஸ் போச்சு, அடுத்த தடவைக்குச் சரிசெய்ய உலோகமும் மிச்சமிருக்காது. மிச்சம் இரண்டு: துளையைப் பெரிதாக்கி புஷ், அதாவது உள்ளே மரை வெட்டிய உலோக வளையம், போடுவது, அல்லது உள்ளே எஃகுக் காயில் வைப்பது.

தெரிந்த லேத்காரர் ஒருவருக்கு போன் போட்டேன். பேட்டையில் ஐடிஐ படித்துவிட்டுப் பட்டறை வைத்தவர், என்னைவிட இருபது வயது இளையவர், கை சுத்தம். ஞாயிறு வர முடியாது, திங்கள் மாலை வீட்டுக்கே வருகிறேன் என்றார். "அதுவரைக்கும் ஒண்ணும் ஊத்தாண்டாம் அண்ணாச்சி. துணிய வச்சு அடைச்சு வைங்க, தூசி உள்ள போயிராம" என்றார்.

திங்கள் காலை வண்டிக்காரர் பஸ்ஸில் போனார். மாலையில் லேத்காரர் வந்து துளையைச் சுற்றி வெர்னியர் வைத்துப் பார்த்தார். புஷ்ஷுக்கு வேண்டிய கனம் சுவரில் இல்லை, காயில்தான் என்றார். காயில் என்பது சாய்சதுரப் பட்டை கொண்ட எஃகுக் கம்பியை ஸ்பிரிங் போலச் சுற்றியது. அதன் வெளிப்பக்கம் கேஸில் வெட்டிய புது மரையில் உட்காரும், உட்பக்கம் பழைய அளவிலேயே போல்டுக்கு மரையாகும். போல்ட் அதன் பிறகு அலுமினியத்தைத் தொடாது. சொல்லப்போனால் கம்பெனி கொடுத்த மரையைவிட இது உறுதி.

அவர் வேலை செய்ததில் கவனிக்க வேண்டியவை சில. மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸை நிறைத்துக்கொண்டார், பிசிறு அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே, நாலு சுற்றுக்கு ஒருதரம் டேப்பை முழுக்க வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி கிரீஸ். மூலைமட்டம் வைத்து இரண்டு பக்கமும் நேர் பார்த்தார். காயிலை ஏற்றிய பிறகு, ஏற்றுவதற்காக அதன் நுனியில் விட்டிருக்கும் சின்னக் கம்பித் துண்டை உடைத்து, மெல்லிய இடுக்கியால் வெளியே எடுத்து, என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அது உள்ளே விழுந்திருந்தால் இவ்வளவு வேலையும் வீண். எஞ்சினுக்குள் ஆயில் ஜல்லடை இருக்கிறதுதான், அதை நம்பி இந்த வேலையைச் செய்யக் கூடாது. கடைசியில் மலிவான ஆயில் அரை லிட்டர் ஊற்றி, வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து, வடித்தோம். வாளியில் டார்ச் அடித்தபோது நாலைந்து மினுமினுப்பு தெரிந்தது. இன்னொரு தடவை ஊற்றி வடித்தோம். இரண்டாம் தடவை ஒன்றும் இல்லை.

புது போல்ட், புது வாஷர். முறுக்கு அளக்கும் ரெஞ்ச் எங்கள் யாரிடமும் இல்லை. அத்தான் உள்ளே போய், வாழைத்தார் நிறுக்க வைத்திருந்த ஸ்பிரிங் தராசை எடுத்து வந்தார். ஞாயிறு காலையிலிருந்து அவர் சொன்ன யோசனைகளில் இது ஒன்றுதான் உருப்படி, ஆனால் முதல்தரமான உருப்படி. ஸ்பேனரில் போல்ட் நடுவிலிருந்து சரியாக 20 சென்டிமீட்டரில் தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுத்தோம். முள் 13 கிலோவைத் தொட்டதும் நிறுத்தினோம். 25 நியூட்டன் மீட்டர் சொச்சம். அது எவ்வளவு குறைவான பலம் என்று பார்த்து வண்டிக்காரர் நம்பவில்லை. "இவ்வளவுதானா? கழண்டுராதா?" என்று மூன்று தடவை கேட்டார்.

பின்னர் நடந்தது

900 மில்லி ஊற்றி, மூன்று நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, அளவுக் குச்சியைப் பார்த்தோம். சரியாக இருந்தது. அடியில் பழைய நாளிதழை விரித்து வைத்துவிட்டுப் போனேன்.

செவ்வாய் காலை நாளிதழில் ஐம்பது பைசா அளவு ஆயில் சொட்டு. வண்டிக்காரர் குரலே போனில் மாறிவிட்டது. போய்ப் பார்த்தால் போல்டைச் சுற்றி உலர்ந்திருந்தது. சொட்டு விழுந்த இடம் போல்டுக்கு நேர் கீழே இல்லை, ஒரு விரற்கடை தள்ளி. சாய்த்துச் சாய்த்து வடித்தபோது கேஸின் இடுக்குகளில் தங்கிய ஆயில்தான் இரவில் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்து வேறு தாள் விரித்தோம். புதன் காலை தாள் சுத்தம். 200 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500இல் ஒரு தடவை பார்த்தோம். சுத்தம். குச்சியில் அளவும் இறங்கவில்லை. ஆனால் அந்த 300 மில்லி எஞ்சின் தின்றதா, வெகுநாள் ஒழுகலாகப் போனதா என்று 500 கிலோமீட்டரில் சொல்ல முடியாது. இதை இன்னும் ஆறு மாதம் பார்த்துத்தான் எழுத முடியும்.

பழைய ஆயிலைப் பற்றி ஒரு சின்னச் சண்டை. கரையான் வராமல் இருக்க ஜன்னல் சட்டத்தில் பூசலாம் என்றார் அத்தான். தரையில் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனார் வீட்டு அம்மா. எங்கள் தெருச் சாக்கடை போய்ச் சேருவது பாளையங்கால்வாயில். அந்தத் தண்ணீரை நம்பி வயல் இருக்கிறது. மரத்தூள் போட்டு உறிஞ்சி வாரினோம். வடித்த ஆயிலையும் கழுவிய ஆயிலையும் ஒரே கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயில் வாங்கிப் போகும் ஆள் வரும் கடையில் கொடுத்தோம்.

செலவு: காயில் வேலைக்கு 450, போல்டும் வாஷரும் 70, கழுவிய ஆயில் 180. ஒரு நாள் பஸ், ஒரு கையில் மூன்று நாள் பிளாஸ்திரி.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வண்டிக்காரர் பக்கம்: ஆயில் வாங்கும்போதே வாஷரும் ஒரு போல்டும் வாங்குவது. மில்லிமீட்டர் ஸ்பேனரை எண் பார்த்து எடுப்பது. வேலையைத் தொடங்குவதற்கு முன் கீழே படுத்து ஒரு தடவை பார்ப்பது. இவ்வளவும் அவரே சொன்னது. ஸ்பேனர் முதல் தடவை வழுக்கியபோதே நிறுத்தியிருக்கலாம் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவை வழுக்கியதில்தான் முனைகள் அதிகம் போயின.

முன்பு பேஸ்ட் போட்டு அனுப்பிய கடை எது என்று அவர் கொஞ்ச நாள் துருவிக்கொண்டிருந்தார். இரண்டு கடைகளில் எது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு முப்பது வண்டி பார்த்த கைகள் அவை. மரை போயிட்டு என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் போதும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் பக்கம்: பேஸ்ட்டைப் பார்த்தவுடன் மரை போயிருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் அன்றைக்குக் கழற்றியிருக்க மாட்டேன். ஆயிலை உறிஞ்சி எடுத்துப் புது ஆயில் ஊற்றி, அவரைத் திங்கள் வேலைக்கு அனுப்பிவிட்டு, லேத்காரரோடு நாள் பேசி, காயிலும் மரை வெட்டும் டேப்பும் கையில் வந்த பிறகு அந்த சாக்கெட்டை மாட்டியிருப்பேன். கழற்றிய விதத்தில் எதையும் மாற்ற மாட்டேன். கழற்றிய கிழமையைத்தான் மாற்றுவேன்.

வண்டிக்காரர் இப்போது எஞ்சின் அடியில், போல்டுக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெயின்ட்டால் கழற்றும் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறார். படுத்துப் பார்த்தால்தான் தெரியும். 11/16 ஸ்பேனரை அத்தான் திரும்ப வாங்கிப் பரணில் வைத்துவிட்டார். ஸ்பிரிங் தராசு மட்டும் வண்டி நிற்கும் இடத்தில் ஆணியில் தொங்குகிறது.